தரவு வேறு, தகவல் வேறு

"தகவலைச் செயலாக்கினால் தகவல் கிடைக்கும்." கணினிப் பாடம் ஒன்றின் தமிழாக்கத்தில் படித்த வாக்கியம் இது. மூலத்தில் முதலில் இருந்தது டேட்டா, அடுத்தது இன்ஃபர்மேஷன். இரண்டுக்கும் தகவல் என்றே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அரைத்த மாவையே அரைத்தால் என்ன கிடைக்கும்? இந்தக் குழப்பம் ஒரு பாடத்தோடு நிற்கவில்லை. செய்தி, விளம்பரம், செயலி எங்கும் டேட்டா என்றால் தகவல்தான்.

டேட்டா லத்தீனிலிருந்து வந்த சொல். 'தாரே' என்றால் கொடுத்தல். தரப்பட்டது 'தாதும்', அதன் பன்மை 'தாதா' (அடியாள் வைத்திருக்கும் தாதா இல்லை). யூக்ளிடின் வடிவியல் நூல்களில் ஒன்றுக்கு லத்தீனில் இதுதான் பெயர். இன்னின்னவை தரப்பட்டிருந்தால் வேறு எவற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்கிற நூல் அது. 17ஆம் நூற்றாண்டில் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. நாளைக் குறிக்கும் டேட் என்ற சொல்லும் இதே குடும்பம்தான். கடிதத்தில் 'இன்ன இடத்தில், இன்ன நாளில் தரப்பட்டது' என்று ரோமானியர்கள் குறிப்பது வழக்கம். அந்தத் 'தரப்பட்டது'தான் பிறகு தேதி ஆகிவிட்டது.

இதற்குத் தமிழில் தரவு என்பதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. வரு, வரவு, தரு, தரவு. தரப்படுவது தரவு. லத்தீன் 'தா'வும் தமிழ் 'தா'வும் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்று உடனே உறவு கொண்டாட வேண்டாம். லத்தீன் சொல்லுக்கு உறவு வடமொழித் தானத்தோடு. நம் 'தா'வுக்குத் தொல்காப்பியத்திலேயே தனி இடம் உண்டு: ஈ என்பது தாழ்ந்தவர் கேட்பது, தா என்பது ஒத்தவர் கேட்பது, கொடு என்பது உயர்ந்தவர் கேட்பது.

சரி, தகவலுக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை, அதன் இடத்தில் இருக்கும்வரை. வெப்பமானி 38.6 என்று காட்டுகிறது. அந்த எண் தரவு. அது யாருடைய உடம்பில் எப்போது எடுத்தது என்று சேர்த்துப் பார்த்து, 'குழந்தைக்குக் காய்ச்சல்' என்று சொன்னால் தகவல். அறையின் வெப்பத்தை அளந்தபோது அதே 38.6 வந்திருந்தால் 'இன்று வெயில் அதிகம்' என்பது தகவல். தரவு மாறவில்லை, தகவல் மாறிவிட்டது. இன்ஃபர்மேஷன் என்பதன் லத்தீன் மூலத்துக்கே உருக்கொடுத்தல் என்றுதான் பொருள். ஒன்று தரப்பட்டது, மற்றது உருவாக்கப்பட்டது. லத்தீன் இரண்டாக வைத்திருப்பதைத் தமிழில் ஒன்றாக்கிவிட்டு, பிறகு தமிழில் அறிவியல் எழுத வராது என்று அலுத்துக்கொள்வதில் என்ன நியாயம்?

தகவல் எல்லோருக்கும் புரியும், தரவு புரியாது என்பார்கள். புழங்கினால் புரியும். கணினி என்ற சொல்லும் ஒரு நாள் புதுசுதானே? தரவு கலிப்பாவின் உறுப்பு ஆயிற்றே என்று வேறு சிலர் கேட்பார்கள். ஆமாம், தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று வரிசையில் முதலில் நிற்பது. யாப்பு படிக்கிறவர் எவரும் அதைத் தரவுத்தளத்தோடு (டேட்டாபேஸ்) குழப்பிக்கொள்ள மாட்டார். புள்ளிவிவரம் என்று எழுதுவதும் சரிவராது. புகைப்படமும் குரல்பதிவும்கூடத் தரவுதான், அவற்றில் புள்ளி எங்கே, விவரம் எங்கே?

டேட்டா தரப்படுவதே இல்லை, ஆய்வாளர் தேர்ந்து எடுப்பதுதான், ஆகவே 'எடுக்கப்பட்டது' என்ற பொருளில் 'காப்தா' என்று சொல்லவேண்டும் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. நல்ல வாதம்தான். அது லத்தீனோடு போடவேண்டிய சண்டை, மொழிபெயர்ப்பாளர் தலையில் அதைக் கட்ட வேண்டியதில்லை.

கைப்பேசிக்கு டேட்டா போடுகிறவரை நான் திருத்தப் போவதில்லை, அது பேச்சு வழக்கு. அப்புறம், இந்தத் 'தரவுகள்'. தரவு என்று சரியாக எழுதுகிறவர்கள்கூட ஒவ்வொரு இடத்திலும் 'கள்' ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்திலேயே இன்று டேட்டாவைப் பெரும்பாலும் ஒருமையாக எழுதுகிறார்கள். 'தரவு திரட்டினோம்' என்று எழுதினால், ஒரே ஒரு எண்ணைத்தான் திரட்டினீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை.