பாமாயில் எந்தத் தோட்டத்தது? பழமே காட்டிக்கொடுக்கும்

ரேஷன் பாமாயிலைப் பற்றிப் பேச்சு வந்தபோது வாசகர் ஒருவர் கேட்டார்: "காட்டை அழிக்காமல் எடுத்த எண்ணெய் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. ஆயிரம் தோட்டத்து எண்ணெய் ஒரே கப்பலில் கலந்து வரும்போது, அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

எண்ணெயைப் பரிசோதித்துச் சொல்லவில்லை. கலந்தபின் அதில் ஊர், பெயர் எதுவும் மிஞ்சாது. உலகப் பாமாயிலில் சுமார் 85 சதவீதம் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது; மிக அதிகமாக இறக்குமதி செய்வது இந்தியா. நடுவில் விவசாயி, தரகர், ஆலை, சுத்திகரிப்பு நிலையம், கப்பல் என்று பல கைகள். பின்னோக்கித் தேடிப் போனால் உறுதியான பிடி கிடைக்கும் இடம் ஆலைதான். அதற்குக் காரணம் பழத்துக்குள் இருக்கும் லைபேஸ் என்ற நொதி.

எண்ணெய் என்பது கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிய மூலக்கூறு என்று பள்ளியில் படித்திருப்போம். லைபேஸ் அந்த ஒட்டை வெட்டும். பாமாயில் தரும் செம்பனை மரத்தின் பழச் சதையில் எண்ணெயும் உண்டு, அதை வெட்டும் லைபேஸும் உண்டு. பழம் மரத்தில் முழுசாக இருக்கும்வரை பெரிய சேதமில்லை. பத்து, இருபது கிலோ குலையை வெட்டிக் கீழே தள்ளும்போது பழங்கள் நசுங்குகின்றன. லாரியில் ஏற்றும்போது இன்னும் நசுங்குகின்றன. நசுங்கிய இடத்தில் சில நிமிடங்களிலேயே கொழுப்பு அமிலங்கள் பிரிந்து ஏறத் தொடங்கும். அமிலம் கூடினால் எண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், சுத்திகரிக்கும்போது நஷ்டமும் கூடும். கச்சா பாமாயில் வியாபாரத்தில் 5 சதவீத அமிலம்தான் வழக்கமான உச்சவரம்பு.

ஆகவே ஆலைக்காரருக்கு ஒரே அவசரம். வெட்டிய குலை 24 மணி நேரத்தில், மிஞ்சினால் 48 மணி நேரத்தில், ஆலைக்குள் போயாக வேண்டும். அங்கே முதல் வேலை பிழிவது அல்ல, அவிப்பது. அழுத்த நீராவியில், சுமார் 140 டிகிரி செல்சியஸில், லைபேஸ் செத்துப்போகும். அதன்பின் அவசரமில்லை; எண்ணெய் கடல் தாண்டலாம்.

வெட்டிய கரும்பை நெடுந்தூரம் கொண்டுபோக முடியாதல்லவா, அதே கதைதான். மண் சாலையில் லாரி ஓட்டி ஒரு நாளைக்குள் சேர வேண்டுமென்றால், பழம் பெரும்பாலும் ஆலையைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள்தான் விளைந்திருக்கும். ஆலையின் பெயர் தெரிந்தால் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். காட்டை அழித்தவர் யாராக இருந்தாலும் பழத்தை அந்த வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் ஒளிப்பது கஷ்டம். தாவரத்தின் கெட்ட குணம் ஒன்று இப்படி உளவாளி வேலை பார்ப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

யூனிலீவர் 2018இல் தனக்குப் பாமாயில் வரும் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது; பெரிய நுகர்பொருள் கம்பெனிகளில் அப்படிச் செய்த முதல் கம்பெனி அது. வட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது செயற்கைக்கோளின் வேலை. வெப்பமண்டலத்தில் மேகம் அடிக்கடி மறைக்கும். அப்போது சாதாரணக் கேமரா பயன்படாது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். மரம் விழுந்தால் திரும்பி வரும் எதிரொலி மாறும். அந்தத் தரவு எல்லோருக்கும் இலவசம். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசாரும் ரேடார் செயற்கைக்கோள்தான். "ராக்கெட்டுக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பொதுப்பணத்தில் பறந்து, பொதுவில் தரவு தரும் ரேடாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

வட்டத்துக்குள் காடு விழுவது தெரிந்தபின்தான் சிக்கல். அந்த சப்ளையரிடம் வாங்குவதை உடனே நிறுத்திவிட்டால் விளம்பரத்துக்கு நல்லது, காட்டுக்கு நல்லதா என்பது சந்தேகம். கேள்வி கேட்காத இன்னொருவர் மறுநாளே அவரிடம் வாங்குவார். அதனால் பல கம்பெனிகள் முதலில் அழிப்பை நிறுத்தச் சொல்கின்றன, அழித்த நிலத்தைச் சீராக்கத் திட்டம் கேட்கின்றன, மறுத்தால்தான் வாங்குவதை நிறுத்துகின்றன. மெதுவான வழி, சாக்குப்போக்குக்கு இடமும் உண்டு. ஆனாலும் எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. இந்தோனேசியச் செம்பனைப் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் சிறு விவசாயிகளுடையது. இரண்டு ஹெக்டேர்காரருக்குத் தன் நிலத்தின் எல்லையை ஜிபிஎஸ்ஸில் பதிந்து தர யாராவது உதவ வேண்டும். அவருடைய குலையைத் தரகர் நான்கு பேர் குலையோடு ஒரே லாரியில் ஏற்றுகிறார். சுமத்ராவின் தெஸ்ஸோ நிலோ தேசியப் பூங்காவுக்குள் சட்டவிரோதமாக நட்ட மரங்களின் பழமும் இப்படித்தான் ஆலைகளுக்குப் போனது. வட்டம் சந்தேகத்தைக் காட்டும். தோட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் தரகரின் கணக்கு நோட்டு வரை இறங்க வேண்டும்.

லைபேஸை உருவாக்கும் மரபணுவை 2013இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். லைபேஸ் குறைந்த ரகங்கள் விவசாயிக்கு நல்ல செய்தி, ஐயமில்லை. ஆனால் பழம் மூன்று நாள் தாங்கினால் 50 கிலோமீட்டர் வட்டம் என்னவாகும்?

இன்றைக்கே அந்த வட்டத்துக்கு அடங்காத ஒன்று உண்டு: பழத்தின் கொட்டை. அதன் பருப்பு சதையைப் போல அவசரமாகக் கெடாது. பல ஆலைகளின் பருப்பு மூட்டைகள் தொலைவிலுள்ள ஒரே செக்காலையில் கொட்டப்படுகின்றன. அந்தப் பருப்பெண்ணெய்தான் சோப்பிலும் ஷாம்பூவிலும் நுரையாகிறது. அதைத் தோட்டம்வரை தேடிப் போவது சமையல் பாமாயிலைத் தேடுவதைவிடக் கடினம்.