கிளெயோஸ்: காதில் வாழும் புகழ்

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காப்பியங்களான ‘இலியட்’டிலும் ‘ஒடிசி’யிலும் வீரர்கள் உயிரைக் கொடுத்தாவது அடையத் துடிப்பது கிளெயோஸ். அகராதியைத் திறந்தால் ‘புகழ்’ என்று இருக்கும். தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லின் உயிர்நிலை காதில் இருக்கிறது, ‘புகழ்’ என்று எழுதியதும் அது நழுவிவிடுகிறது.

கிரேக்கத்தில் ‘க்ளூ’ என்ற வேருக்குக் கேட்டல் என்று பொருள். கிளெயோஸ் என்றால் கேட்கப்படுவது, பிறர் வாய்வழியே ஒருவரைப் பற்றி நம் காதுக்கு வந்து சேர்வது. வடமொழியில் இதன் உடன்பிறப்பு ‘ச்ரவஸ்’. கேட்டல் என்ற பொருளுள்ள ‘ச்ரு’ என்ற வேரிலிருந்து வந்தது அது. ‘சுருதி’யும் அந்த வேர்தான். கச்சேரி மேடையில் தம்பூராவை மீட்டிச் சுருதி சேர்க்கிறார்களே, அந்தச் சொல்லும் ‘இலியட்’டின் நாயகன் அக்கிலீஸின் புகழைக் குறிக்கும் சொல்லும் மிகப் பழைய ஒரே வேரில் கிளைத்தவை. 1853இல் அடால்பர்ட் கூன் என்ற ஜெர்மானிய அறிஞர் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். ‘இலியட்’டில் வரும் ‘கிளெயோஸ் ஆஃப்திதோன்’ (அழியாத புகழ்) என்ற தொடரும், ரிக் வேதத்தில் வரும் ‘அக்ஷிதம் ச்ரவஸ்’ என்ற தொடரும் பொருளால் மட்டும் ஒத்தவை அல்ல. இரண்டு சொற்களும் வேரோடு வேராகப் பொருந்துகின்றன.

கிளெயோஸின் அடிப்படைப் பொருள் பளிச்சென்று தெரியும் இடம் ‘இலியட்’டின் இரண்டாம் காண்டம். ட்ராய் நகரோடு போரிட வந்த கிரேக்கக் கப்பல்களையும் தலைவர்களையும் பட்டியலிடத் தொடங்கும் முன் கவிஞர் கலைத்தேவியரான மியூஸ்களை அழைக்கிறார். நீங்கள் தெய்வங்கள், எல்லா இடத்திலும் இருக்கிறீர்கள், எல்லாம் அறிவீர்கள்; நாங்களோ கிளெயோஸை மட்டும் கேட்கிறோம், எதையும் அறியோம் என்கிறார். இங்கே ‘புகழ்’ என்று போட்டால் வரி விளங்காது. ‘கேள்விப்பட்டது’ என்றால்தான் விளங்கும். தெய்வம் கண்ணால் கண்டது; மனிதன் காதால் கேட்டது மட்டுமே. காப்பியப் பாடகனின் தொழில் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

அடுத்து ஒன்பதாம் காண்டம். அக்கிலீஸுக்குரிய பரிசுப் பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னோன் பறித்துக்கொண்டதால் அவன் போரிலிருந்து விலகியிருக்கிறான். அக்கிலீஸைச் சமாதானப்படுத்த ஒடிசியூஸ், ஃபீனிக்ஸ், ஏஜாக்ஸ் மூவரும் அவன் கூடாரத்துக்கு வருகிறார்கள். அவன் யாழ் மீட்டிப் பாடிக்கொண்டிருக்கிறான். அவன் நண்பன் பத்ரோக்ளஸ் எதிரே அமர்ந்து பேசாமல் காத்திருக்கிறான். அக்கிலீஸ் என்ன பாடுகிறான்? ‘க்ளேஆ ஆந்த்ரோன்’, அதாவது மாந்தரின் கிளெயோஸ்கள். ஒருமையில் புகழாக நின்ற சொல், பன்மையில் புகழைச் சொல்லும் பாட்டாகவே ஆகிவிடுகிறது! புகழ் வேறு, அதைப் பாடும் பாட்டு வேறு என்று ஹோமரின் மொழி பிரிக்கவில்லை. சற்று நேரத்தில் அதே அக்கிலீஸ் தன் முன் உள்ள இரு வழிகளைச் சொல்கிறான். ட்ராயில் நின்று போரிட்டால் ஊர் திரும்ப முடியாது, ஆனால் கிளெயோஸ் ஆஃப்திதோன் கிடைக்கும். ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள் உண்டு, கிளெயோஸ் போய்விடும்.

‘ஆஃப்திதோன்’ என்ற அடைமொழியையும் கவனிக்க வேண்டும். ‘ஒடிசி’யில் என்றும் பொய்க்காத திராட்சைக் கொடிகளுக்கும் இதே சொல் வருகிறது. அதனால் ‘அழியாத’ என்பதைவிட ‘வாடாத’ என்பது எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

கிளெயோஸோடு சேர்த்துக் குழப்பக் கூடாத சொற்கள் இரண்டு. ‘தீமே’ என்பது உடன் இருப்பவர்கள் இன்று தரும் மதிப்பு; அகமெம்னோன் பறித்தது இதைத்தான். ‘கூதோஸ்’ என்பது களத்தில் தெய்வம் ஒருவனுக்கு அந்த நேரத்தில் அருளும் வெற்றிப் பொலிவு. கிளெயோஸுக்கு மட்டுமே ஆளில்லாத காலத்திலும் ஒலிக்கும் தன்மை உண்டு. பெயர்களிலும் அது ஒலிக்கிறது. ஹெராக்ளீஸ், பெரிக்ளீஸ், சோஃபோக்ளீஸ் எல்லாம் கிளெயோஸில் முடிபவை. பத்ரோக்ளஸ் என்றால் தந்தையின் புகழ். அதையே திருப்பிப் போட்டால் கிளியோபாட்ரா. வரலாற்றுக்குரிய மியூஸின் பெயர் கிளியோ.

சரி, தமிழில் எதைச் சொல்லலாம்? ‘பெருமை’ ஒருவருக்குள் இருப்பது, கேட்க ஆள் தேவையில்லை. ‘மகிமை’ தெய்வத்தின் பக்கம் போய்விடுகிறது. ‘கீர்த்தி’ பொருந்தும், ஆனால் தமிழ் வேர் இல்லை. ‘புகழ்’ நல்ல சொல்தான். புகழ்தல் என்ற வினை அதற்குள் இருப்பதால் சொல்கிறவரின் வாய் அதில் தெரிகிறது. கேட்பவரின் காது தெரியவில்லை.

காதும் பாட்டும் புகழும் ஒன்றாக இருக்கும் சொல் நம்மிடம் உண்டு: இசை. ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்ற குறளில் இசைக்குப் புகழ் என்று பொருள் கொள்ளாமல் நகர முடியாது. ‘இசையென்னும் எச்சம்’ என்று இன்னொரு குறள். ஆள் போனபின் எஞ்சி நிற்பது. ஹோமரின் வீரர்கள் கேட்டதும் இந்த எச்சத்தைத்தான். புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறும்போது, பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் நீங்கட்டும் என்கிறான்: ‘புலவர் பாடாது வரைக என் நிலவரை’. பாடப்படாமல் போவதைத் தண்டனையாக எண்ணும் மனம் அக்கிலீஸுக்கு அந்நியமானதல்ல.

இன்று ‘இசை’ என்றதும் சங்கீதமே நினைவுக்கு வருவதால் தனியே எழுதினால் மயக்கம் வரலாம். சங்கப் பாடல்களில் பயின்ற ‘நல்லிசை’ அந்த மயக்கத்தைத் தீர்த்துவிடும். ஆகவே கிளெயோஸுக்கு நல்லிசை, கிளெயோஸ் ஆஃப்திதோனுக்கு வாடா நல்லிசை, அக்கிலீஸ் பாடிய ‘க்ளேஆ ஆந்த்ரோ’னுக்கு மாந்தர் இசைப்பாட்டு. மியூஸ்களை அழைக்கும் அந்த வரியில் மட்டும் ‘கேள்வி’ என்று எழுதுவேன். பழந்தமிழில் வேதத்துக்கே கேள்வி என்று பெயர் உண்டு. ‘சுருதி’யை அப்படியே தமிழில் சொன்னது அது.