கேப்டன் குக்கின் கப்பலில் மணி பார்த்த விதம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் கடற்பயணி ஜேம்ஸ் குக் "கண்டுபிடித்த" நிலங்களில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். நியூசிலாந்தில் மாவோரிகள், ஹவாயில் ஹவாய் மக்கள், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பூர்வகுடிகள். அதனால் கண்டுபிடிப்பாளர் என்ற பட்டத்தை அவருக்குக் கொஞ்சம் தயங்கித்தான் கொடுக்க வேண்டும். வரைபடக்காரர் என்ற பட்டத்துக்குத் தயக்கமே வேண்டாம். பசிபிக் பெருங்கடலில் ஒரு தீவு எங்கே இருக்கிறது என்பதை, பின்னால் வரும் கப்பல் தேடாமல் போய்ச் சேரும் அளவுக்கு அவர் குறித்துவைத்தார்.

1728இல் யார்க்‌ஷயரில் ஒரு பண்ணைக் கூலியாளின் மகனாகப் பிறந்தவர். நிலக்கரிக் கப்பலில் தொழில் பழகி, 1755இல் கடற்படையில் சேர்ந்தார். இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையை அளந்துகொண்டிருந்தபோது, 1766இல் தெரிந்த சூரிய கிரகணத்தை வைத்து அந்த இடத்தின் தீர்க்கரேகையைக் கணக்கிட உதவினார். பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் பார்வையில் விழ அதுவும் ஒரு காரணம்.

அட்சரேகை அன்றைய மாலுமிகளுக்குப் பெரிய தொல்லை இல்லை. நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அன்றைய தேதிக்கான அட்டவணையைப் பார்த்தால் போதும். தீர்க்கரேகைதான் ஆளைக் கொல்லும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, அதாவது மணிக்கு 15 பாகை. நாம் இருக்கும் இடத்தில் நண்பகலாக இருக்கும்போது, தீர்க்கரேகையை எண்ணத் தொடங்கும் லண்டன் கிரீனிச்சில் காலை 10 மணி என்றால், நாம் கிரீனிச்சுக்கு 30 பாகை கிழக்கே இருக்கிறோம். உள்ளூர் நேரத்தைச் சூரியனே சொல்லிவிடும். ஆனால் கிரீனிச்சில் இப்போது மணி என்ன என்பதை நடுக்கடலில் யாரிடம் கேட்பது?

தோராயமான பதிலும் உதவாது. நேரத்தில் 4 நிமிடம் பிசகினால் இடம் ஒரு பாகை பிசகும். நிலநடுக்கோட்டில் அது 111 கிலோமீட்டர். ஊசல் கடிகாரம் கப்பலின் ஆட்டத்தில் ஓடாது. சுருள்வில் கடிகாரமோ வெயிலில் ஒரு வேகம், குளிரில் வேறு வேகம். அரை பாகைக்குள் தீர்க்கரேகை சொல்லும் முறைக்கு 20,000 பவுண்டு பரிசு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இலேயே அறிவித்திருந்தது.

குக்கின் முதல் பயணத்தில் (1768–71) எண்டெவர் கப்பலில் கடலில் நம்பக்கூடிய கடிகாரம் கிடையாது. அவரும் வானியலாளர் சார்லஸ் கிரீனும் நிலாவைத்தான் நம்பினார்கள். நிலா நட்சத்திரங்களுக்கிடையே மணிக்கு ஏறக்குறைய அரை பாகை, அதாவது தன் விட்டம் அளவுக்கு, கிழக்கே நகர்கிறது. வானத்தைக் கடிகார முகமாகவும் நிலாவை முள்ளாகவும் எடுத்துக்கொண்டால் உலகம் முழுவதற்கும் ஒரே கடிகாரம்! கிரீனிச் நேரப்படி மூன்று மணிக்கு ஒருமுறை நிலா சூரியனிலிருந்தும் சில பிரகாசமான நட்சத்திரங்களிலிருந்தும் எத்தனை பாகை தள்ளியிருக்கும் என்ற அட்டவணை, அரசு வானியலாளர் நெவில் மாஸ்கெலின் தொடங்கிய நாட்டிகல் அல்மனாக் என்ற மாலுமிகளுக்கான ஆண்டுக் கையேட்டில் 1767 முதல் வந்தது. கப்பலில் அந்தக் கோணத்தைச் செக்ஸ்டன்ட்டால் அளக்க வேண்டும். அப்புறம் காற்று மண்டலம் ஒளியை வளைப்பதற்கும், பூமியின் மையத்திலிருந்து பார்க்காமல் மேற்பரப்பிலிருந்து பார்ப்பதற்கும் திருத்தம் போட்டு, அட்டவணையோடு ஒப்பிட்டால் கிரீனிச் நேரம் வரும்.

சிக்கல் முள்ளின் மந்தத்தில் இருக்கிறது. கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு தவறினாலே நேரம் 2 நிமிடம் மாறும், இடம் அரை பாகை நகரும். ஆடும் தளத்தில் நின்றுகொண்டு அவ்வளவு நுட்பமாக அளந்ததே பெரிய விஷயம். அப்படியும் முதல் பயண வரைபடத்தில் நியூசிலாந்தின் தென் தீவு முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கிழக்கே தள்ளி விழுந்திருந்தது. அந்த அட்சரேகையில் அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பிழையைப் பிற்பாடு குக்கே எழுதி ஒப்புக்கொண்டார்.

அதே கப்பலில், டஹிட்டியில் ஏறிய ராயாட்டியா தீவுக்காரர் துபையாவும் இருந்தார். செக்ஸ்டன்ட்டும் இல்லை, அட்டவணையும் இல்லை. நட்சத்திரம் எழும் திசையையும் கடல் அலைகளையும் படித்து வழிகாட்டும் மரபு அவருடையது. கப்பல் எங்கே திரும்பினாலும் டஹிட்டி இருக்கும் திசையை அவரால் காட்ட முடிந்தது என்று பதிவாகியிருக்கிறது. 1770இல் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயில் இறந்தார்.

இரண்டாம் பயணத்துக்கு (1772–75) ரெசல்யூஷன் கப்பலில் கே1 என்ற கடிகாரம் ஏறியது. கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் கடலுக்கென்றே உருவாக்கிய எச்4 கடிகாரத்தைப் பார்த்து லார்க்கம் கெண்டல் செய்த நகல். பெரிய பைக்கடிகாரம் மாதிரி இருக்கும், விலை 450 பவுண்டு. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சமநிலைச் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை வேகமாக அசைவதால் கப்பலின் மெதுவான ஆட்டம் அதை அதிகம் பாதிக்காது. வெப்பத்துக்குப் பித்தளையும் எஃகும் சேர்த்துப் பிணைத்த ஒரு பட்டை. இரண்டு உலோகமும் வெவ்வேறு அளவில் விரிவதால் பட்டை வளையும். அந்த வளைவு சுருள்வில்லின் செயல்படும் நீளத்தை மாற்றி வேகத்தைச் சரிசெய்யும்.

கே1 பிசகவே பிசகாத கடிகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. அதுவும் முந்தும், பிந்தும். தேவைப்பட்டது அந்தப் பிசகு ஒரே சீராக இருப்பதுதான். தினமும் 5 விநாடி முந்தும் என்று தெரிந்தால் 30 நாள் கழித்து 150 விநாடியைக் கழித்துவிடலாம். ஒரு நாள் 2, மறுநாள் 9 என்று போகும் கடிகாரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஜான் ஆர்னால்டு செய்த மூன்று கடிகாரங்களும் அதே பயணத்தில் போயின; மூன்றும் சொதப்பின. கே1 வெப்பமண்டலத்தையும், 1773 ஜனவரியில் அண்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டிய குளிரையும் தாங்கியது. பெட்டிக்கு மூன்று பூட்டு. கேப்டன், முதல் லெப்டினன்ட், வானியலாளர் வில்லியம் வேல்ஸ் ஆகியோரிடம் ஆளுக்கொரு சாவி. மூவரும் வந்தால்தான் சாவி கொடுக்க முடியும்.

நிலாவை அப்போதும் விடவில்லை. வேல்ஸ் நிலாக்கணக்கு போட்டுக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். நிலாவின் பிழை ஒவ்வொரு அளவீட்டிலும் இங்குமங்கும் சிதறும். பல அளவுகளின் சராசரியில் அது குறையும். கடிகாரத்தின் பிழையோ நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். ஒன்றின் பலவீனத்தை மற்றது பிடித்துவிடும். தென் தீவின் பிழை வெளிப்பட்டதும் இந்தப் பயணத்தில்தான்.

குக் கே1-ஐ ஒருபோதும் கைவிடாத வழிகாட்டி என்று பாராட்டி, மூன்றாம் பயணத்துக்கும் கொண்டுபோனார். 1779 பிப்ரவரி 14 அன்று ஹவாயின் கேயலகேகுவா விரிகுடாவில் அவர் கொல்லப்பட்டார். கடிகாரம் ஊர் திரும்பி, 1787இல் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் தொகுதியோடு மறுபடியும் தெற்கே போனது. சாதாரண வணிகக் கப்பல்களுக்கு அப்படியொரு கடிகாரம் வெகுகாலம் கட்டுப்படியாகவில்லை. நிலாக்கோண அட்டவணைகளை நாட்டிகல் அல்மனாக் 1906ஆம் ஆண்டுப் பதிப்பு வரை அச்சிட்டுக்கொண்டிருந்தது.