டர்போ காரில் சாதா எஞ்சின் பிளாக் மாட்டலாமா? மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது

ஓடிக்கொண்டிருந்த டர்போ கார், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ கருவி உள்ள கார், ஒருநாள் சீஸ் ஆகி (எஞ்சின் உள்ளே இறுகி) நின்றுவிடுகிறது. டர்போ பிளாக்கின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. "அதே கம்பெனி, அதே சி.சி., டர்போ இல்லாத வண்டியின் பிளாக் பாதி விலைக்குக் கிடைக்கும், மாட்டிவிடலாமா?" என்று மெக்கானிக் கேட்கிறார். சிலர் இதையே தலைகீழாகச் செய்ய நினைக்கிறார்கள். சாதா கார் இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று டர்போ எஞ்சினைத் தேடி அலைவார்கள். இந்த இரண்டு வேலைகளையும் சட்டம் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் முக்கிய உடலில். அதன் மேல் மூடியான ஹெட்டை மாற்றலாம், கேஸ்கெட்டை மாற்றலாம், டர்போவையே புதிதாகப் போடலாம், எண் மாறாது. பிளாக் மாறினால் எண்ணும் மாறிவிடும். ஆகவே "பிளாக் மட்டும்தானே மாற்றினேன்" என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பயனில்லை. அவர்கள் கணக்கில் அது எஞ்சின் மாற்றம்தான்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதைப் பற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரங்கள் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் அடிப்படை. அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட் போன்றவற்றுக்குத் தனி வழி உண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை மாற்ற முடியாது, ஆர்.சி.யில் உள்ள மற்ற விவரங்களை முறைப்படி மாற்றிப் பதிந்துகொள்ளலாம் என்றது.

சரி, நம் விஷயத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது? டர்போ காரில் அதே வகை டர்போ பிளாக்கை மாட்டினால் மாறுவது எண் மட்டுமே. அதைப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. டர்போவுக்கு சாதா, சாதாவுக்கு டர்போ என்றால் எஞ்சினின் வகையே மாறுகிறது. அதற்கு அனுமதி கிடைக்கும் என்று நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்.

சி.சி. ஒன்றாக இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம். நிஸான் மேக்னைட்டில் இரண்டு பெட்ரோல் எஞ்சின்களும் 999 சி.சி. ஆனால் திறனில் டர்போ இல்லாதது 72 பி.எஸ். (குதிரைத்திறன் போன்ற அலகு), டர்போ 100 பி.எஸ். இரண்டும் வெவ்வேறு எஞ்சின்கள். பொதுவாக டர்போ எஞ்சினில் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) குறைவாக இருக்கும். பல டர்போ பிளாக்குகளில் பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட்டுகளும், டர்போவுக்குப் போய்த் திரும்பும் எண்ணெய்க்கான வழிகளும் இருக்கும். சாதா ஷார்ட் பிளாக்கை (பிஸ்டனெல்லாம் பொருத்திய பிளாக்கை) அப்படியே வைத்து பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) கொடுத்தால், எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரியும் நாக்கிங் வந்து பிஸ்டன் உடையும் ஆபத்து உண்டு. புகை அளவுக்கான அங்கீகாரமும் இரண்டு எஞ்சின்களுக்கும் தனித்தனி. பி.யூ.சி. என்கிற புகைச் சோதனையில் தேறிவிட்டதே என்று கேட்காதீர்கள். அது வண்டி நின்ற இடத்தில் வைத்து எடுக்கும் எளிய அளவீடு. எஞ்சின் மாற்றத்துக்கான அனுமதி ஆகாது.

அதே வகை பிளாக் என்றால், வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ.வில் கேட்டு அனுமதி பெறுவது நல்லது. மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, கட்டணத்தோடு ஆர்.சி.யையும் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து எண்ணைச் சரிபார்ப்பார். எஞ்சின் எண் குறிப்பிட்ட பில், இன்ஷூரன்ஸ், பி.யூ.சி. ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் கேட்கும் தாள்கள் கொஞ்சம் மாறும்.

பில் விஷயத்தில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய உதிரிபாகச் சந்தைகளான சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் டெல்லி மாயாபுரியில் வாங்கினாலும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். திருட்டு வண்டியின் பிளாக்காக இருந்தால் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். பழைய எண்ணைப் புது பிளாக்கில் பொறித்துத் தருகிறேன் என்று பட்டறையில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் எண்ணைத் திருத்தியதாகவே பார்க்கப்படும்.

மீறினால் என்ன ஆகும்? 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழலாம். பாலிசியில் எஞ்சின் எண் இருக்கிறது. விபத்துக்குப் பின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்போது எண் பொருந்தவில்லை என்றால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளைம் சிக்கிக்கொள்ளும். ஆர்.சி.யில் புது எண் ஏறியவுடன் பாலிசியிலும் மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கார் கடனில் இருந்தால், பிளாக்கைக் கழற்றும் முன்பே வங்கியிடமும் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கிவிடுங்கள்.