ஒரு ஹைட்ரஜன் பறிபோனால்

"அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. வைட்டமின் ஈ மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?" என்று ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முதலில் பலதுறை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். பி12 குறைந்தாலும், தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அப்புறம் மாத்திரைக்கு வருவோம்.

உடல் எடையில் மூளை 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காடு அதற்கே போகிறது. உயிரணுவின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தயாராகும்போது கசியும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஃப்ரீ ரேடிக்கல்களை, அதாவது ஜோடியில்லா எலக்ட்ரானோடு அலைந்து பிறவற்றிடம் பறிக்கும் மூலக்கூறுகளை, உண்டாக்கும். அவற்றை அடக்க நொதிகள் இருக்கின்றன. வயதாக ஆக மூளையின் சில பகுதிகளில் ரேடிக்கல்களைப் பெருக்கும் இரும்பு சேர்கிறது, கசிவும் கூடுகிறது, நொதிகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

அடுத்து நடப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. நரம்பணுச் சவ்வில் டிஹெச்ஏ என்ற கொழுப்பு அமிலம் நிறைய உண்டு. அதில் 6 இரட்டைப் பிணைப்புகள். அவற்றுக்கு இடையே மாட்டியிருக்கும் ஹைட்ரஜனின் பிடிப்பு மிகவும் தளர்வு. ஒரு ரேடிக்கல் அதைப் பறித்ததும், பறிகொடுத்த மூலக்கூறு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு பக்கத்து மூலக்கூறிடம் பறிக்கிறது. பந்தியில் வடையைப் பறிகொடுத்தவர் அடுத்த இலையில் கைவைப்பதுபோல, வரிசை நெடுகப் பரவும். சவ்வு விறைக்கிறது, அதிலுள்ள புரதங்கள் தடுமாறுகின்றன, நரம்பணுக்களுக்கிடையே செய்தி மந்தமாகிறது. வைட்டமின் ஈ அந்தச் சவ்வுக்குள்ளேயே இருக்கிறது. தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் பறிக்காமல் நின்றுவிடும். சங்கிலி அங்கே அறுகிறது! அது இழந்ததை வைட்டமின் சி திருப்பித் தருகிறது.

சரி, அப்படியானால் மாத்திரை போதுமே? லேசான நினைவுக் குறைபாடு உள்ள 769 பேரிடம் நடந்து 2005ல் வெளியான சோதனையில், 3 ஆண்டுகள் நிறைய வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கும் அல்சைமர் தள்ளிப்போகவில்லை. அதனால் அந்த மாத்திரைக்குக் காசு செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

காளான் வேறு கதை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2019ல் வெளியிட்ட ஆய்வில், 60 வயதைத் தாண்டிய 663 பேரில், வாரத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் காளான் சாப்பிட்டவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாட்டுக்கான வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. காளானில் உள்ள எர்கோதயோனின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பியை உயிரணுக்களுக்குள் இழுக்க நம் உடலில் ஒரு புரதம் இருக்கிறது. காரணம் காளான்தானா என்பதை நீண்டகாலச் சோதனைதான் சொல்லும். சந்தையில் விற்கும் காளானுக்குக் காப்புரிமை கிடையாது. மருந்து நிறுவனங்கள் எதற்குப் பணம் போடப்போகின்றன? அந்தச் செலவை அரசாங்கம்தான் ஏற்க வேண்டும்.