பிரெஞ்சு பிரஸ் காபி: அந்த வலை எதைப் பிடிக்கும், எதை விடும்?

"சர்க்கரையை நிறுத்திட்டேன், பாலையும் நிறுத்திட்டேன், வெறும் ப்ளாக் காபிதான் மேடம், ஆனா கொலஸ்ட்ரால் மட்டும் இறங்கவே மாட்டேங்குது" அப்படின்னு சொல்றவங்ககிட்ட நான் இப்பல்லாம் முதல்ல கேக்குறது, காபியை எதுல போடுறீங்கன்னுதான். நிறைய பேர் சொல்ற பதில் பிரெஞ்சு பிரஸ். யாரோ கிஃப்ட் குடுத்திருப்பாங்க, இல்ல ஆன்லைன்ல ஆஃபர்ல வாங்கியிருப்பாங்க, ஒர்க் ஃப்ரம் ஹோம்ல பக்கத்துலயே வச்சுக்கிட்டு நாள் பூரா ஊத்தி ஊத்திக் குடிப்பாங்க.

டயட்டீஷியனா எனக்கு காபி மேல எந்தக் கோபமும் இல்ல. பிரெஞ்சு பிரஸ்ஸும் நல்ல சாமான்தான், கரன்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம், காபியோட வாசனையும் திக்னஸும் அதுல வர்ற மாதிரி வேற எதுலயும் வராது. ஆனா அந்த திக்னஸ் எங்கேர்ந்து வருதுன்னு விக்கிறவங்க யாரும் சொல்றதில்ல, அதனாலதான் இதை எழுதுறேன்.

சாதனம் ரொம்ப சிம்பிள். ஒரு கண்ணாடி ஜாடி, மூடி, மூடில ஒரு கம்பி, கம்பியோட அடில ஸ்டீல் வலை. தூளைப் போட்டு வெந்நீர் ஊத்தி ஊற விட்டு அமுக்குனா தூள் அடில தங்கிடும். 1852ல பிரான்ஸ்ல இதுக்கு பேடன்ட் வாங்கினப்போ ஓட்டை போட்ட தகரத் தகட்டோட ரெண்டு பக்கமும் ஃபிளானல் துணி வச்சிருந்தாங்க, அப்புறம் 1929ல மிலான்ல கலிமானி, மோனெட்டான்னு ரெண்டு பேர் பேடன்ட் வாங்கினாங்க, இன்னிக்கு கடையில கிடைக்கிறதுல துணியே கிடையாது, வலை மட்டும்தான். துணியும் பேப்பரும் காபில இருக்கிற எண்ணெயைப் பிடிச்சுக்கும். ஸ்டீல் வலை தூளை மட்டும்தான் பிடிக்கும், எண்ணெயை அப்படியே விட்டுடும்.

அந்த எண்ணெய்ல கஃபெஸ்டால், காவியோல்னு ரெண்டு பொருள் இருக்கு. இதுல கஃபெஸ்டால் ரத்தத்துல எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும்ங்கிறது நல்லா நிரூபணமான விஷயம். முதல்ல இது நார்வேல கவனத்துக்கு வந்துச்சு, அங்க தூளை தண்ணில போட்டு கொதிக்க வச்சு வடிகட்டாம குடிக்கிற பழக்கம் உண்டு, டிரோம்சோ ஊர்ல நடந்த ஆய்வு 1983ல வந்தப்போ காபி நிறைய குடிக்கிறவங்களுக்கு கொலஸ்ட்ரால் அதிகமா இருக்கிறது தெரிஞ்சுது. அப்புறம் நெதர்லாந்துல பிரெஞ்சு பிரஸ்ஸையே எடுத்து சோதிச்சாங்க, ஆரோக்கியமான 46 பேரை ரெண்டா பிரிச்சு பாதிப் பேருக்கு பிரெஞ்சு பிரஸ் காபி, மீதிப் பேருக்கு பேப்பர்ல வடிச்ச காபின்னு ஆறு மாசம் குடுத்தாங்க, தினம் அஞ்சாறு கப், நல்லா ஸ்ட்ராங்கா. பிரஸ் காபி குடிச்சவங்களுக்கு எல்.டி.எல். 9லேர்ந்து 14 சதவீதம் வரைக்கும் கூடுச்சு, கல்லீரல் என்ஸைம் ஒண்ணும் ஏறுச்சு. நிறுத்தினதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துடுச்சு. இது 1996ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வு. அஞ்சாறு கப்புங்கிறது நிறையதான், காலைல ஒரே ஒரு கப் குடிக்கிறவங்க பயப்பட ஒண்ணுமில்ல. நான் கவலைப்படுறது நாள் பூரா குடிக்கிறவங்களுக்காகவும், ஏற்கனவே கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போடுறவங்களுக்காகவும்.

எங்கிட்ட வந்த ஒருத்தர் தினமும் ரெண்டு தடவை ஜாடி நிறையப் போட்டு முழுசா அவர் மட்டும் குடிப்பார். எண்ணெய்ன்னு சொன்னதும் நம்பவே இல்ல, நான் எண்ணெயே ஊத்தலையே மேடம்னார். மறுநாள் காலைல கப்பை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்கன்னு சொன்னேன், போட்டோ எடுத்து அனுப்பினார், மேல சின்னச் சின்ன வட்டமா மினுமினுன்னு மிதக்குது. அதே காபியை பேப்பர் ஃபில்டர்ல ஊத்தி வடிச்சுப் பாக்கச் சொன்னேன், மினுமினுப்பு போயிடுச்சு, கப் அடில வழக்கமா தங்குற சேறும் இல்ல. நீங்களும் வீட்ல இதைப் பண்ணிப் பாக்கலாம்.

நம்ம ஃபில்டர் காபி மட்டும் என்னன்னு கேப்பீங்க. அதுலயும் பேப்பர் கிடையாதுதான். ஆனா ஒரு டம்ளருக்கு சேர்ற டிகாஷன் கொஞ்சம், அதுலயும் சிக்கரி ஒரு பங்கு இருக்கும், பிரஸ்ல ஒரு பெரிய மக்குக்குப் போற காபித் தூள் அதைவிட நல்லாவே கூட. பால், சர்க்கரை கணக்கு வேற, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

சரி, வாங்குறவங்களுக்கு. முதல்ல சைஸ். டப்பால 8 கப்னு போட்டிருந்தா குடும்பத்துக்கே போதும்னு நெனைச்சு வாங்கிடாதீங்க, அவங்க கணக்குல ஒரு கப் 120, 125 மில்லிதான், 8 கப்னா ஒரு லிட்டர், 3 கப்னா 350 மில்லி. ஒருத்தருக்கு 350 மில்லி போதும். பெருசா வாங்கினா பெருசாத்தான் போடுவோம், போட்டதை வீணாக்க மனசு வராம குடிச்சும் முடிப்போம், அதனால சின்னதே வாங்குங்கன்னு அழுத்தியே சொல்வேன். கண்ணாடின்னா போரோசிலிகேட்னு எழுதியிருக்கணும், சாதா கண்ணாடி கொதிக்கிற தண்ணி பட்டா விரிசல் விடும். வீட்ல சின்னக் குழந்தை இருந்தா ரெண்டு சுவர் வச்ச எவர்சில்வர்தான் என் சாய்ஸ், விழுந்தாலும் உடையாது, வெளிப்பக்கம் சுடாது. கடையில முடிஞ்சா கம்பியை மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்க, வலையோட ஓரம் ஜாடியை சுத்தி இடைவெளி இல்லாம தொடணும், ஓரம் பிரிஞ்சிருந்தா தூள் எல்லாம் மேல வந்துடும். வலை தனியா ஸ்பேரா கிடைக்குதான்னும் கேட்டுக்கோங்க. பிராண்ட் பத்தி எனக்கு பெருசா சொல்ல ஒண்ணுமில்ல.

அடுத்து தூள், இங்கதான் நம்ம ஊர்ல பெரிய சிக்கலே. டிகாஷனுக்கு வாங்குற நைஸ் தூளை, அதுவும் சிக்கரி கலந்ததை, பிரஸ்ல போடக் கூடாது. காபி சிக்கரி கலவைல சிக்கரி 49 சதவீதம் வரைக்கும் சட்டப்படியே இருக்கலாம், பாக்கெட்ல எவ்வளவுன்னு எழுதியிருக்கும், படிங்க. சிக்கரி தண்ணில கரைஞ்சு கொழகொழன்னு ஆகும், நைஸ் தூள் வலைக் கண்ணை அடைச்சுக்கும், பிளஞ்சர், அதாவது வலை மாட்டின அந்தக் கம்பி, பாதில நின்னுடும். அப்போ நம்மாளுங்க என்ன பண்ணுவாங்க, ரெண்டு கையையும் வச்சு உடம்பு வெயிட்டையே போட்டு அமுக்குவாங்க, அடில அழுத்தம் ஏறி வெந்நீர் ஓரத்துல பீறிட்டு கைலயும் முகத்துலயும் அடிக்கும், இல்ல கண்ணாடியே உடையும். நின்னுடுச்சுன்னா அமுக்காதீங்க, ஒரு இஞ்ச் மேல தூக்கி விட்டு மறுபடி மெதுவா இறக்குங்க, அப்பவும் போகலைன்னா விட்டுடுங்க, டீ வடிகட்டில ஊத்திக்கலாம்.

அரைக்கிற கடையில சிக்கரி இல்லாம, கோதுமை ரவை பதத்துக்கு கொரகொரன்னு அரைச்சுக் குடுங்கன்னு கேளுங்க. காபிக் கொட்டை அராபிகா வகையா ரோபஸ்டா வகையான்னும் கேட்டு வச்சுக்கோங்க. கஃபெஸ்டால் அராபிகால அதிகம், கஃபீன் ரோபஸ்டால அதிகம், ரெண்டுலயும் ஒண்ணு விட்டா ஒண்ணு.

போடுற முறை: அரை லிட்டர் தண்ணிக்கு 30 கிராம் தூள், 350 மில்லி ஜாடின்னா சுமார் 20 கிராம். ஜாடியை முதல்ல வெந்நீர் ஊத்தி அலசிட்டு, கொதிச்ச தண்ணியை அரை நிமிஷம் விட்டு ஊத்துங்க. நாலு நிமிஷம் ஊறட்டும். மேல தூள் ஆடை மாதிரி கட்டி நிக்கும், ஸ்பூனால லேசா உடைச்சு விட்டா பாதி தூள் அடில இறங்கிடும், மேல நிக்கிற நுரையை எடுத்துப் போட்டுட்டு மூடியை வச்சு மெதுவா அமுக்குங்க. அமுக்குனதும் முழுசா வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க, ஜாடிலயே விட்டா ஊறிக்கிட்டே இருந்து கசக்கும். பால் வேணும்னா கப்ல ஊத்திக்கோங்க, ஜாடிக்குள்ள பால் ஊத்தினா வலைல படிஞ்சு நாறும். கண்ணாடி ஜாடியை அடுப்புல வைக்கவே வைக்காதீங்க.

கொலஸ்ட்ரால் இருக்கிறவங்க பிரஸ்ஸைத் தூக்கி எறிய வேண்டியதில்ல. அமுக்கினதுக்கு அப்புறம் டீ வடிகட்டிக்குள்ள காபி பேப்பர் ஃபில்டரை மடிச்சு வச்சு அது வழியா ஊத்துங்க, ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், திக்னஸ் குறையும், வாசனை இருக்கும். டிஷ்யூ பேப்பர் வேண்டாம், கிழிஞ்சு உள்ள விழும்.

கஃபீனையும் பாத்துக்கோங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) அதோட தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் (என்.ஐ.என்.) 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அராபிகால கஃபீன் சுமாரா 1.2 சதவீதம், 30 கிராம் தூள்ல 360 மில்லிகிராம் ஆச்சு, அதுல பெரும்பங்கு தண்ணில இறங்கிடும், அப்போ அரை லிட்டர் ஜாடியை ஒரே ஆள் முடிச்சா அன்னிக்குக் கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சுது. ரோபஸ்டான்னா தாண்டியே போயிடும். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு 200தான் அளவு, அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடிங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் காபி வேண்டாம், இரும்புச் சத்து உடம்புல சரியா சேராது, ரத்தசோகை இருக்கிற பெண்கள் இதை முக்கியமா கவனிக்கணும்.

கழுவுறப்போ பிளஞ்சரை வெறுமனே தண்ணில ஆட்டிட்டு வைக்காதீங்க. அடில இருக்கிற திருகைக் கழட்டுனா தட்டு, வலை, இன்னொரு தட்டுன்னு தனித்தனியா வரும், ரொம்ப நாள் கழட்டாம இருந்ததைக் கழட்டினீங்கன்னா நடுவுல பழுப்பா பிசுபிசுன்னு படிஞ்சிருக்கும், மோந்து பாத்தா சிக்கு வாடை அடிக்கும். புதுத் தூள் போட்டும் காபி நல்லா இல்லைன்னா முக்கால்வாசி இதுதான் காரணம். தினமும் சோப்பு போட்டு கழுவி வாரம் ஒரு தடவையாவது கழட்டித் தேய்ங்க. தூளை சிங்க்ல கொட்டாதீங்க, அடைச்சுக்கும், செடிக்குப் போடலாம்.

எல்.டி.எல். ஏறியிருக்குன்னு ரிப்போர்ட் வந்து நீங்க தினம் பிரஸ் காபி குடிக்கிறவரா இருந்தா, மத்த சாப்பாட்டை மாத்தாம ஆறேழு வாரம் பேப்பர்ல வடிச்சுக் குடிச்சுட்டு மறுபடி டெஸ்ட் எடுங்க, வித்தியாசம் இருக்கா இல்லையான்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு ரிப்போர்ட்டையும் டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் சொல்ற வரைக்கும் மாத்திரையை நீங்களா நிறுத்த வேண்டாம்.