அவர்களிடம் நாய் இருக்கிறது. அவர்கள் நாய்கள் அல்ல

பாரிஸின் வடக்குப் புறநகரில் மாலை நேர வகுப்பில் பெரியவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்தவர்கள் என்று தமிழ் முகங்கள் நிறைய உண்டு. அவர்களில் உணவகச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் ஒருநாள் முகம் வாடி வந்தார். மேல்வீட்டுக்காரர்கள் இரண்டு நாய் வளர்க்கிறார்கள்; ராத்திரி முழுக்கக் குரைப்பு. கட்டடக் காவலாளியிடம் போய் “அவர்களிடம் நாய்கள் இருக்கின்றன” என்று ஆரம்பிக்கப் பார்த்திருக்கிறார். காவலாளியின் காதில் விழுந்தது “அவர்கள் நாய்கள்”.

“நான் சரியாத்தானே சொன்னனான் டீச்சர், கொப்பியைப் பாருங்கோ” என்று நீட்டினார். பார்த்தேன். “அவர்களிடம் இருக்கிறது” என்பதற்கு நேரே ‘இல்ஸோன்’ என்று தமிழில் எழுதியிருந்தார். நாலு வரி கீழே, “அவர்கள் இன்னார்” என்று ஆளை அடையாளம் சொல்லும் வினைக்கு நேரேயும் அதே ‘இல்ஸோன்’. அவர் மீது தப்பே இல்லை. நம் எழுத்தில் அந்த இரண்டையும் பிரித்து எழுத வழியில்லை.

பிரெஞ்சில் முதல் பாடத்திலேயே வரும் இரண்டு வினைகள் ‘அவ்வார்’, ‘ஏத்ர்’. முதலாவது உடைமை, இரண்டாவது ஒரு ஆள் யார், எப்படி இருக்கிறார் என்பது. ‘அவ்வார்’ நிகழ்காலத்தில் இப்படிப் போகும்: நான் என்றால் ‘ஜே’, நீ என்றால் ‘த்யு ஆ’, அவன் ‘இலா’, அவள் ‘எலா’, நாங்கள் ‘நூஸவோன்’, நீங்கள் ‘வூஸவே’, அவர்கள் ‘இல்ஸோன்’. ஆறு இடத்துக்கு எழுத்தில் ஆறு வடிவம்; நீ, அவன் இரண்டுக்கும் மட்டும் காதில் ஒரே ‘ஆ’. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை, அதைச் சுற்றி வளைக்க மாட்டேன். நீ, நீங்கள் வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே வந்தது என்பதால் அந்தப் பாதி வேலை குறைவு.

சிக்கல் கடைசி மூன்றில் இருக்கிறது. ‘நூ’, ‘வூ’, ‘இல்’ என்ற சொற்களின் வால்பக்கம் எழுத்தில் ஓர் எஸ் உண்டு. வழக்கமாக அது வாய் திறக்காது. பின்னால் உயிரெழுத்து வந்தால் மட்டும் விழித்துக்கொண்டு, தேனீ ரீங்காரம் போன்ற ஓர் ஒலியாக ஒட்டிக்கொள்ளும். ‘அவர்களிடம் இருக்கிறது’ என்பதில் வருவது அந்த ரீங்காரம். ‘ஏத்ர்’ வினையின் ‘இல்ஸோன்’ அப்படியல்ல; அங்கே வினையே எஸ் எழுத்தில்தான் தொடங்குகிறது, பாம்பு சீறுகிற மாதிரி வறண்ட ‘ஸ்’. ‘வூஸவே’யிலும் இதே கதை: ரீங்காரம் வந்தால் “உங்களிடம் இருக்கிறது”, சீறல் வந்தால் “உங்களுக்குத் தெரியும்”.

தொண்டையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். சீறும்போது விரலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ரீங்காரத்தில் அதிரும். வகுப்பில் இருபது பேர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வண்டு மாதிரி முனகுவதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது, ஆனால் இது வேலை செய்கிறது. தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்ளாதே என்று சில ஆசிரியர்கள் கண்டிப்பார்கள். நான் கண்டிப்பதில்லை. எழுதுங்கள், ஆனால் அதிரும் ‘ஸ’வுக்கு அடியில் சிவப்பில் ஒரு கோடு போடுங்கள்.

இன்னொரு பெரிய குழி ‘ஜே’யிலேயே இருக்கிறது. “நான்” என்ற சொல்லுக்கு ‘ஜு’. ‘அஞ்சு’ என்று சொல்லும்போது கடைசியில் அரைகுறையாக ஒலிக்கிற குற்றியலுகரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். “என்னிடம் இருக்கிறது” என்பதற்கு ‘ஜே’. நம்மவர்கள் பலர் இரண்டையும் ‘ஜே’ என்றே சொல்லிப் பழகிவிடுகிறார்கள். அதனால் என்ன என்று கேட்கலாம். ‘அவ்வார்’ நிகழ்கால வடிவம்தான் பிரெஞ்சில் இறந்தகாலம் கட்டவும் பயன்படுகிறது. ‘ஜு ஃபினி’ என்றால் “முடிக்கிறேன்”; ‘ஜே ஃபினி’ என்றால் “முடித்துவிட்டேன்”. ‘ஜு ஃபே’ “செய்கிறேன்”, ‘ஜே ஃபே’ “செய்துவிட்டேன்”. அந்த ஒற்றை உயிரொலியில் காலமே மாறிவிடுகிறது. குடியிருப்பு அட்டைக்காக அலுவலகத்தில் உட்கார்ந்து, இனிமேல் செய்யப்போகிற விண்ணப்பத்தைச் செய்துவிட்டதாகச் சொல்லி, எதிரே இருப்பவர் கணினியில் தேடித் தேடிக் களைத்துப்போன கதையை என் மாணவி ஒருவர் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சரி, ஒலி ஒருபுறம். பயன்பாட்டுக்கு வருவோம், எனக்கு நிஜமாகவே ஆதங்கம் இங்கேதான். பள்ளியில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அதிலிருந்து பிரெஞ்சுக்குத் தாவுகிறார்கள். ஆங்கிலத்தில் பசியும் வயதும் ‘நான் இப்படி’ என்கிற அமைப்பில் வரும். அதை அப்படியே கொண்டுபோனால் ‘ஏத்ர்’ வந்து உட்காரும், பிரெஞ்சு கெட்டுவிடும். பிரெஞ்சுக்காரர்கள் பசியை “வைத்திருக்கிறார்கள்”: ‘ஜே ஃபேன்’. தாகம் ‘ஜே ஸ்வாஃப்’, தூக்கம் ‘ஜே ஸொமேய்’, வெட்கம் ‘ஜே ஓன்த்’, வயது முப்பது என்றால் ‘ஜே த்ரான்தான்’. இவை தமிழில் எப்படி வருகின்றன? எனக்குப் பசி, எனக்குத் தாகம், எனக்குத் தூக்கம், எனக்கு வெட்கம், எனக்கு வயது முப்பது. “நான் பசி” என்று யாரும் சொல்வதில்லை.

அதாவது தமிழ் நேராகவே பிரெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. நடுவில் ஆங்கிலத்தைக் கூப்பிட்டதுதான் பிசகு. ஊரில் “எனக்கு பிரஷர் இருக்கு” என்றாலே இரத்த அழுத்தம் கூடுதல் என்று டாக்டருக்குப் புரியும் இல்லையா? இங்கேயும் ‘ஜே த லா தான்ஸியோன்’ என்றால் அதே பொருள், அதே சுருக்கம். என் வகுப்பில் இதைச் சொன்னதும் வயதான அம்மா ஒருவர் “அட, நம்ம ஊர்ப் பேச்சேதான்” என்றார்.

இந்த ‘எனக்கு’ சூத்திரம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். “எனக்குத் தெரியும்”, “எனக்குப் பிடிக்கும்” இரண்டுக்கும் தனி வினைகள் உண்டு. “எனக்குக் களைப்பாக இருக்கிறது” என்பது ‘ஏத்ர்’ பக்கம் போகும். அப்புறம் சூடு, குளிர். “எனக்குப் புழுக்கமாக இருக்கிறது” என்பதற்கு ‘ஜே ஷோ’ சொல்ல வேண்டும். ‘ஜு ஸ்வி ஷோ’ என்று சொன்னால் பேச்சுவழக்கில் “நான் தயார்” என்பதிலிருந்து, வீட்டார் முன்னால் மொழிபெயர்க்க முடியாத பொருள் வரை போகும். வேலையிடத்தில் இதைச் சொல்லிவிட்டு, ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று விழித்தவர்கள் என் வகுப்பில் ஒருவர் இருவர் அல்ல.

மருத்துவரிடம் போகும்போது இன்னொன்று உதவும். “மூன்று நாளாகத் தலை வலிக்கிறது” என்பதில் வலி அன்றைக்குத் தொடங்கினாலும் நாம் நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம். பிரெஞ்சும் அப்படியே: ‘ஜே மால் ஆ லா தேத்’, பின்னால் ‘தெப்வீ’ சேர்த்து நாள் கணக்கு. இதற்கு இறந்தகாலம் தேடி அலைய வேண்டாம். ஆனால் ‘தெப்வீ’க்குப் பதில் ‘இலியா’ போட்டால் அது “மூன்று நாளைக்கு முன்பு” ஆகிவிடும். ‘இலியா’வும் அவ்வார் குடும்பம்தான், “இருக்கிறது” என்று பொதுவாகச் சொல்லவும் அதுவே. அதனால் குழப்பம் வருவது இயல்பு.

2026 ஜனவரி முதல் மொழி நிபந்தனை கூடியிருக்கிறது: பல ஆண்டு குடியிருப்பு அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 (இவை மொழித் திறனை அளக்கும் படிகள், ஏ2 கீழே, பி2 மேலே). இதைக் கேட்டதும் மாணவர்கள் கடினமான இலக்கணப் புத்தகங்களைத் தேடி வாங்குகிறார்கள். நான் முதலில் சோதிப்பது இன்னும் அவ்வாரைத்தான். அதுவும் புத்தகத்தில் உள்ளபடி அல்ல, தெருவில் உள்ளபடி. பேச்சில் ‘த்யு ஆ’ சுருங்கி ‘தா’ ஆகும். ‘நூஸவோன்’ இருக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் ‘ஓனா’ என்பார்கள். ‘இலியா’ தேய்ந்து ‘யா’ மட்டும் மிஞ்சும். எதிர்மறையில் முன்பாதி காணாமல் போகும்: “எனக்கு வேலை இல்லை” என்பது ‘ஜே பா த த்ராவாய்’. பாடமாகப் படித்தவர் இதைக் காதால் கேட்கும்போது வேறு மொழியோ என்று திகைப்பார்.

அந்த அண்ணனுக்குக் கொடுத்த வீட்டுவேலை எளிது. தினமும் வேலைக்குப் போகும் ரயிலில், எதிரே இருப்பவர்களைப் பார்த்து மனத்துக்குள் இரண்டு வாக்கியம்: அவர்களிடம் என்ன இருக்கிறது, அவர்கள் எப்படி இருக்கிறார்கள். பை இருக்கிறது, குடை இருக்கிறது. களைப்பாக இருக்கிறார்கள், உயரமாக இருக்கிறார்கள். இறங்கியதும் வாய்விட்டு ஒருமுறை சொல்லி, தொலைபேசியில் பதிந்து எனக்கு அனுப்ப வேண்டும். முதல் வாரம் வந்த பதிவுகளில் எல்லாமே பாம்பு. மூன்றாவது வாரம் ஒரு பதிவில் ரீங்காரம் தெளிவாகக் கேட்டது, பின்னணியில் இரண்டு நாய்கள் குரைக்கிற சத்தத்தோடு.